மாவுச் சாடி யார் படுக்கையில்

வயோமிங் குளிரில் புளித்த மாவு செத்துப்போனால் பண்ணைக்கு ரொட்டி கிடையாது. அதனால் மாட்டுப் பண்ணையில் சமைப்பவர் யாராக இருந்தாலும் மாவுச் சாடியைத் தன் போர்வைக்குள் வைத்துத்தான் தூங்குவார். இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார். சமையல்காரி ஹல்டாவும் அப்படித்தான் இருந்தாள், பண்ணையாள் லேஃப் குதிரையிலிருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொள்ளும் வரை.

அன்று அவன் படுக்கையில் சாடியை அவளே கொண்டுவந்து வைத்தாள்.

"கட்டிப் புடிச்சுக்கோ லேஃப். சூடு ஆறக் கூடாது."

"உசிரா பாத்துக்கறேன்."

அதே பண்ணையில் மாடு மேய்த்த ஆரினுக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடன விருந்து. புருஷனை இழந்து தனியாக இருந்த ஹல்டாவைத் தன்னோடு வரச் சொல்லிக் கேட்க, அறுவடைக் காலத்திலிருந்து அவன் வார்த்தை தேடிக்கொண்டிருந்தான். வாயில் வந்ததெல்லாம், "இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போடுங்க" என்பதுதான்.

"காப்பியில ஏன்டா உப்பைப் போடுற?" என்றார் மேஸ்திரி எபன்.

"சாடியைத் தூக்கி அவன்கிட்ட குடுத்துட்டாங்கண்ணே."

"படுத்துக் கெடக்கறவன் சும்மாதானே கெடக்கான்? வேலை வாங்குறா."

"நீங்க சாடியைத்தான் பாத்தீங்க. குடுக்கறப்ப சிரிச்சதைப் பாக்கல."

வியாழக்கிழமை ஆரின், ஈ மொய்த்தாலும் உதறாத கிழட்டுக் குதிரை ஒன்றில் ஏறி, சமையலறை ஜன்னலுக்கு நேராக வந்து விழுந்தான். யாரும் வரவில்லை. மறுபடி ஏறி விழுந்தான். மூன்றாம் முறை பன்றிக்கு வைத்திருந்த கழுநீர்த் தொட்டிக்குள் போனான்.

"ஐயோ, என் காலு!"

ஹல்டா அகப்பையோடு வெளியே வந்தாள். நாலு பேர் அவனைத் தூக்கிப்போய்க் கிடத்தினார்கள்.

"எந்தக் காலு?"

"இது."

அவன் காட்டிய காலில் கட்டுப் போட்டாள். சாடி மட்டும் லேஃபின் படுக்கையை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் குளித்து, தலைக்கு எண்ணெய் தடவிக் கிளம்பினார்கள். ஹல்டா சாடியோடு ஆரினிடம் வந்தாள்.

"கட்டிப் புடிச்சுக்கோ ஆரின். சூடு ஆறக் கூடாது."

சிரிக்கவும் செய்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் குளிர் விட்டுப்போனது. அப்புறம்தான் அவளுடைய நீல உடுப்பைக் கவனித்தான்.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க?"

"விருந்துக்கு. லேஃப் வண்டி பூட்டுறான்."

"அவனுக்குக் காலு?"

"சரியாயிடுச்சு. வர்றியான்னு கேட்டான். சரின்னேன்."

"எனக்கும் சரியாயிடுச்சு!"

"எந்தக் காலு? விழுந்தப்ப எடது காலைப் புடிச்சுக்கிட்டுக் கத்துன. கட்டு வாங்கிக்கிட்டது வலது கால்ல."

ஆரின் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டான்.

"ஜன்னல்லேருந்து மூணு தடவையும் பாத்தேன்," என்றாள் ஹல்டா. "கேக்கறதுக்கு வாயிதானே வேணும்? அதுக்கு ஏன் காலைப் போட்டுப் படுத்துற? எந்திரிக்காதே. சாடி ஆறிப்போய் நாளைக்கு ரொட்டி இல்லேன்னா பசங்க உன் தோலை உரிச்சுடுவாங்க."

வண்டி மணி கேட்டது. அவள் சிரிப்பும், கூடவே லேஃபின் சிரிப்பும் கேட்டன. ஆரின் சாடியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு எரிந்தான். அந்தச் சூட்டில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, அவன் கழுத்து வழியாகத் தலைமயிர் வரை வழிந்தது.

மறுநாள் காலை எபன் நாலாவது ரொட்டியைப் பிட்டார். "இப்படி உப்பலா வந்ததே இல்லம்மா! ஆரின் ஒடம்பே அடுப்புதான் போலிருக்கு."

மேசையே சிரித்தது. ஆரின் எழுந்து நின்றான்.

"ஹல்டா, அடுத்த விருந்துக்கு என்னோட வருவீங்களா?"

"நேத்து வண்டியிலயே லேஃப் கேட்டுட்டானே."

"அப்ப அதுக்கு அடுத்தது?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. "மொதல்ல தலையில இருக்கற மாவைக் கழுவிட்டு வா," என்றாள் ஹல்டா. "அப்புறம் வர்றேன்." சொல்லிக்கொண்டே, கேட்காமலே அவன் தட்டில் பீன்ஸ் போட்டாள்.

"லேஃப்," என்றார் எபன், "அது சர்க்கரை இல்லடா. உப்பு."