ஆஹெனில் படிக்கும் அக்கா

"உந்தப் பையை முதலில கீழ நிலவறைக் கெல்லருக்குள்ள கொண்டுபோய் வை பிள்ளை. சனிக்கிழமை அவையள் வரேக்க இது வாசலில நிக்கக்கூடாது" என்றாள் சிவமலர்.

வாசலில் நின்றது மூத்த மகள் பிரபாலினியின் கோல்ஃப் பை. மட்டைகள், சப்பாத்து, குடை எல்லாம் அடங்கிய, பத்து வயதுப் பிள்ளை உயரமான பை. சிவமலர் அதைத் தாண்டித் தாண்டிச் சுவரில் இருந்த அவளுடைய படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கெல்லருக்குள்ள வைச்சிட்டு நான் எதாலை அடிக்கிறது? பின்னேரம் பிராங்பேர்ட்டுக்கு வெளிக்கிடுறன் அம்மா. நாட்டு அணியளின்ர போட்டி. ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பி வருவன்."

"அப்ப சனிக்கிழமை நீ இஞ்ச நிக்கமாட்டியோ?"

"இல்லை."

சிவமலரின் முகம் மலர்ந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் ஜெர்மன் அணிக்காக மகள் ஆறு வருடமாக ஆடுகிறாள். அதற்காகத் தாய் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. "நல்லதாப் போச்சு. ஆறுதலா விளையாடிப்போட்டு வா" என்றவள், ஒரு பெட்டியில் இடியப்பமும் சம்பலும் வேறு போட்டுக் கொடுத்தாள்.

பிரபாலினிக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. பிறந்ததிலிருந்தே இல்லை. இருபத்தேழு வருடமாக அது இல்லாமலே பொத்தான் பூட்டி, கார் ஓட்டி, மரக்கறி வெட்டி, ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவக் காப்புறுதி அலுவலகத்தில் ஊராரின் அன்ட்ராக் விண்ணப்பங்களையெல்லாம் ஒற்றைக் கையால் தட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு ஆட்கள் வரும் நாட்களில் மட்டும்தான் அது ஒரு குறை என்பது அவளுக்கு நினைவுபடுத்தப்படும்.

இந்தச் சனிக்கிழமை வரப்போகிறவர்கள் தங்கை தேனுஜாவின் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை சுலக்ஷன் பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் வேலை செய்கிறான். இருவரும் ஒரு சிநேகிதியின் கலியாணத்தில் சந்தித்து, ஒன்றரை வருடம் பழகி, தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரியவர்கள் அந்தக் காதலைப் பொறுப்பெடுத்து, சாதகம் பார்த்து, பேசிச் செய்யும் கலியாணமாகத் திருத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் பரராசசிங்கம் அங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர். "மூத்தவ எங்க?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது சிவமலர் ஒரு கணமும் தயங்கவில்லை.

"மூத்தவ ஆஹெனில படிக்கிறா. சரியான பிஸி."

இது அவளுக்குச் சொல்லிப் பழகிய பதில். பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். அங்கே படிக்கிறாள் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இப்படியாகப் பிரபாலினி மூன்று வருடமாக ஆஹெனில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரை அவள் ஒரு தடவைகூடக் கண்டதில்லை.

சுவரில் இப்போது மிஞ்சியிருந்தது அவள் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்திய வீட்டுப் படம் ஒன்றுதான். அதில் அவளுக்கு இரண்டு கை. படப்பிடிப்பாளர் கெட்டிக்காரர், சித்தியின் இடது கையைத் தனியாகப் படமெடுத்து, கணினியில் வெட்டிப் பிரபாலினியின் முழங்கைக்குக் கீழே ஒட்டிவிட்டார். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விரலில் சித்தியின் கலியாண மோதிரம் மின்னியது. வந்து பார்த்தவர்கள் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கைகள் இரண்டு இருந்தால் போதும், அது யாருடையதென்று பார்ப்பது அநாகரிகம் என்று நினைத்தார்கள் போலும்.

அவளைக் கோல்ஃப் விளையாட வைத்ததும் இந்த மறைப்புத்தான். தகப்பன் கதிர்காமநாதன் இருபது வருடமாக ஒரு கோல்ஃப் கழகத்தின் உணவகத்தில் சமையல்காரர். வீட்டுக்கு விருந்தாளிகள் வரும் சனி ஞாயிறுகளில், "பிள்ளையையும் உங்களோட கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சிவமலர் அவளை அவரோடு அனுப்பிவிடுவாள். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் பந்து அடித்துப் பழகும் இடம். எட்டு வயதுப் பிள்ளை ஒற்றைக் கையால் பந்து அடிப்பதைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர் சிறிய மட்டை ஒன்றைக் கொடுத்தார். விருந்தாளிகள் வர வர அவளுடைய ஆட்டம் திறமாகிக்கொண்டே போனது. சிவமலர் விருந்தோம்பலில் பேர்போனவள் என்பதால் பயிற்சிக்குக் குறைவே இல்லை.

பிராங்பேர்ட்டுக்கு வெளியே நடந்த அந்தப் போட்டிக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து பன்னிரண்டு அணிகள் வந்திருந்தன, அணிக்கு நான்கு பேர். ஜெர்மன் அணியின் தலைவி லிசாவுக்கு வலது கால் செயற்கை. முதல் நாள் வழக்கம்போல ஒரு வைத்தியர் படிவத்தோடு வந்தார்.

"பிறவியா, விபத்தா?"

"பிறவி."

அவர் ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு, "சட்டை என்ன அளவு?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் பிரபாலினிக்கு இந்த இடம் அதிசயமாகத்தான் இருக்கும். அவளுடைய வீட்டைத் தலைகீழாக்கிய கேள்வி இங்கே இரண்டு விநாடியில் முடிந்துவிடுகிறது.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பிராங்பேர்ட்டிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குப் போய் வடை சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரபாலினியும் லிசாவும் மூன்றாம் இடத்துக்காக ஸ்பெயினோடு ஆடினார்கள். ஒரே பந்தைச் சோடியில் இருவரும் மாறி மாறி அடிக்கும் ஆட்டம் அது. கடைசிக் குழிக்கு நான்கு மீட்டர் தூரத்தில் பந்தை நிறுத்திவிட்டு லிசா விலகி நின்றாள். இனி பிரபாலினியின் முறை. புல் இடப்பக்கம் சரிந்திருந்தது. அவள் இரண்டு தடவை குனிந்து பார்த்து, வலது கையால் மெல்லத் தட்டினாள். பந்து வளைந்து போய்க் குழியின் விளிம்பில் ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது. லிசா ஓடி வந்து கட்டிப்பிடித்ததில் இருவரும் புல்லில் உருண்டார்கள். அந்தப் படம்தான் மறுநாள் பத்திரிகையில் வந்தது. பிரபாலினியின் இடது கை வானத்தைப் பார்த்து நீட்டியிருந்தது, முழங்கையோடு முடிந்து, வெட்டு ஒட்டு எதுவுமில்லாமல்.

படத்தை யாரோ ஒரு தமிழர் அவள் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றோடும் வாட்ஸ்அப்பில் போட்டார். ஸ்டுட்கார்ட்டைத் தாண்டும்போது மூன்றாம் இடம் முதலிடமாயிற்று. சூரிச்சில் அது உலகக் கிண்ணம். லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒலிம்பிக் தங்கப் பதக்கம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் பரராசசிங்கத்தின் அழைப்பு வந்தது. சிவமலர் கைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தினாள். பிரபாலினி அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, இப்படி ஒரு வீரப்பிள்ளையை ஆஹெனில ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" அவர் குரலில் கோபமில்லை, பெருமை பொங்கியது. "எங்கட சம்பந்தி வீட்டுப் பிள்ளை எண்டு இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஒண்டு கேக்கவேணும். அந்தக் கை... பிறவியிலயோ, இடையில வந்ததோ?"

சிவமலர் சுவரில் இருந்த இரண்டு கைப் படத்தைப் பார்த்தாள். "இடையில..."

"ஊரிலயோ?"

"ஓம்."

"சண்டைக்காலம் என்ன? ஷெல்லடியோ?"

"ஓம்."

"நான் நினைச்சனான்!" என்றார் பரராசசிங்கம். பதிலையும் கேள்விக்குள் வைத்தே கேட்கிறவர் அவர், அதனால்தான் எந்தக் கூட்டத்திலும் அவரே தலைவர். "நிச்சயதார்த்தத்தண்டு மேடையில ஏத்திப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பம். யோசிக்காதேங்கோ."

தொலைபேசி நின்றதும் பிரபாலினி தாயின் முன்னால் போய் நின்றாள். "அம்மா, நான் பிறந்ததே இஞ்சதான்."

"எனக்குத் தெரியாதோ? பெத்தவள் நான்தானே!" சிவமலர் அழத் தொடங்கிவிட்டாள். "பிறவி எண்டால் பரம்பரை எண்டுவினம். உன்ர தங்கச்சிக்குப் பிறக்கப்போற பிள்ளையைப் பற்றிக் கதைப்பினம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் மேடையில வாய் திறக்காமல் நில். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை."

பிரபாலினி தங்கையிடம் போனாள். தேனுஜா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "சுலக்ஷனுக்குப் பழகின முதல் நாளே எல்லாம் சொல்லிப்போட்டன் அக்கா. கலியாண எழுத்து முடியட்டும், பிறகு அப்பாவுக்குத் தானே சொல்லுறன் எண்டவர்."

தங்கை அவனை விரும்புகிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும். ஒரு நாள் ஊமையாக நிற்பது அதற்கு முன்னால் பெரிய விஷயமாகப் படவில்லை. நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மூன்று கிழமை கழித்துப் பிராங்பேர்ட்டில் ஒரு மண்டபம். மணமக்களுக்குப் பூ அலங்காரம் செய்த நாற்காலிகள், பலகாரத் தட்டுகள், ஒலிவாங்கி. மேடையின் நடுவில் பிரபாலினியை நிறுத்திவிட்டுப் பரராசசிங்கம் பேசினார். வன்னிக் காட்டிலே குண்டுமழை பொழிந்தது என்றார். பிஞ்சுக் கை ஒன்று மண்ணிலே விழுந்தது என்றார். ஜெர்மனியின் கொடியை அந்த மண்தான் உயர்த்தியது என்றார். அவர் ஊரைவிட்டு வந்தது எண்பத்து நாலில். ஷெல் விழும் சத்தத்தை இணையத்தில்தான் கேட்டிருக்கிறார். சபை எழுந்து நின்று கைதட்டியது. தான் வன்னியில் இருந்த கதையைப் பிரபாலினி முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொன்னாடை போர்த்த, சண்டையிலே காலை இழந்த எங்கள் அன்புச் சகோதரர் யோசப்பை அழைக்கிறோம்!"

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் ஊன்றுகோலோடு எழுந்தார். விமான நிலையத்தில் பொதி பிரிக்கிற வேலை. வருடாவருடம் சங்கம் அவரை இப்படி ஏதாவதொன்றுக்கு மேடைக்குக் கூப்பிடும், வேலை முடிந்ததும் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடும். அவர் படியேறி வர நேரமெடுத்தது. பொன்னாடையை விரித்து அவள் தோளில் போடப் போனபோது பரராசசிங்கம் இடையில் புகுந்து, படத்துக்கு வடிவாக இருக்கட்டும் என்று இடது பக்கத்தை நன்றாக இழுத்து மூடிவிட்டார்.

யோசப் அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெல்ல விசாரித்தார். "எந்த இடத்தில பிள்ளை? நான் கிளிநொச்சிக்குப் பக்கத்தில. என்ர மகளும் அதிலதான் போனவள்."

தாய்க்காகப் பொய்யாக நிற்கலாம், தங்கைக்காக நிற்கலாம். இந்த மனிதனுக்கு முன்னால் பிரபாலினியால் நிற்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. தன் கையை நினைத்து ஒருநாளும் வராத வெட்கம், அது இல்லாமல் போன கதையை நினைத்து வந்தது. அவள் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"நான் பிறந்தது தொண்ணூற்றெட்டில, ஸ்டுட்கார்ட்டில ஒரு ஆஸ்பத்திரியில. பிறக்கேக்கயே இந்தக் கை இல்லை. அந்த வருசம் ஸ்டுட்கார்ட்டில ஷெல் ஒண்டும் விழேல்லை." ஒலிவாங்கியை வைத்துவிட்டுப் பொன்னாடையை இழுத்தெடுத்து யோசப்பின் தோளில் போட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. இது என்ர இல்லை."

யோசப் அவளுடைய இடது முழங்கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு இறங்கினார். ஷெல்லில் போன கைக்கு எழுந்து நின்ற சபை, பிறக்கும்போதே வராத கைக்கு உட்கார்ந்துவிட்டது. "அப்ப பரம்பரையோ?" என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

மண்டபத்தின் பக்க அறையில் இரண்டு குடும்பமும் கூடியது. சிவமலர் ஒரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தங்கையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று பிரபாலினி சுவரோடு நின்றாள். பரராசசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"நாங்கள் முற்போக்கான ஆக்கள். வேற ஆக்கள் எண்டால் இண்டைக்கே நிப்பாட்டியிருப்பினம். இஞ்ச மரபணு பாக்கிற டாக்குத்தர்மார் இருக்கினம். தேனுஜா ஒரு டெஸ்ட் எடுத்துக் காட்டட்டும். டாக்குத்தரைப் பாக்கிற டெர்மினை நானே எடுத்துத் தாறன்."

தேனுஜா சுலக்ஷனைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான். "ஒரு டெஸ்ட்தானே தேனு. அப்பான்ர மனத்திருப்திக்கு."

"உங்களுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும்தானே?"

தகப்பன் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் கழுத்துப்பட்டியை விட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தான். அதில் அவனுக்கு அந்த நேரத்தில் அவசரமாக ஏதோ வந்திருக்க வேண்டும், நிமிரவே இல்லை. தேனுஜா தலையில் இருந்த பூச்சரத்தைக் கழற்றிப் பலகாரத் தட்டில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அக்கா, காரை எடுங்கோ."

கதிர்காமநாதன் எழுந்து எல்லோருடைய குளிர்ச்சட்டைகளையும் எடுத்துக்கொண்டார். சிவமலர் மூத்த மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பிள்ளை, நாளைக்கு ஆக்கள் கேப்பினம். தேனுஜான்ர கலியாணம் என்னாச்சு, அவள் எங்க எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

தேனுஜா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆஹெனில படிக்கிறா, சரியான பிஸி எண்டு சொல்லுங்கோ அம்மா."