கூச்சிங்கிலிருந்து பினாங்குக்கு

“காலு பக்கம் தூக்குங்கண்ணே, நிலையில இடிக்குது!”

காளிதாசன் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தபடி பின்பக்கமாகவே வாசலில் இறங்கினான். பக்கத்து வீட்டு மணியம் மறுமுனையைத் தூக்கினார். கட்டிலில் கிடந்த அப்பா சின்னையாவுக்குக் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பி வைத்த உடம்பு. ஆனாலும், “வெயில்ல போடுறா, மரம் மறைக்குது” என்று அதட்டினார்.

தங்கை ரூபினி இன்று முதன்முறையாகப் பினாங்குக்கு விமானம் ஓட்டி வருகிறாள், துணை விமானியாக. இறங்கியதும் லீவு, நேரே வீடு. காலையில் கூச்சிங்கிலிருந்து போனில் சொன்னாள்: “தென்மேற்குக் காத்து அடிச்சா நம்ம பீடோங் பக்கமாத்தான் சுத்தி இறங்குவோம்பா. சத்தம் கேட்டா பாருங்க.”

“எவ்ளோ தூரம்டா?” நாலாவது தடவையாகக் கேட்டார் அப்பா.

“ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்ப்பா. ரெண்டு மணி நேரம்.”

“ரெண்டு மணி நேரத்துல நம்ம டிராக்டரு சுங்கைப்பட்டாணி போயித் திரும்பும்.” தோட்டத்தில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது. அம்மா பிரேமாவதி நெஞ்சைத் தடவிவிட்டாள்.

காளிதாசன் போனில் விமானம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடல் மேலிருந்த மஞ்சள் விமானக் குறி கரையேறி, பேராக் மலைகளைத் தாண்டி, மெல்ல வடக்கே வளைந்தது.

“திரும்புது! நம்ம பக்கம் திரும்புதுலா!” என்று கத்தினான். வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ராக்காயி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அகப்பையோடு வந்து நின்றாள்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு செம்பனை மரங்களுக்கு மேலே, சக்கரத்தை இறக்கிக்கொண்டு, வெள்ளையாக அது வந்தது.

“அந்தா! அப்பா, அந்தா!”

சின்னையாவின் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து மேலே உயர்ந்தது. “எம்மவ” என்றார். எல்லாரும் கை அசைத்தார்கள். மணியம் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். விமானம் தெற்கே சிறுத்து மறையும்வரை ஒருவரும் தலையைத் தாழ்த்தவில்லை.

தாழ்த்தியபோது அந்தக் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் மேலேயே பார்த்திருந்தன. பிரேமாவதி குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள்.

சற்று நேரத்தில் காளிதாசனின் போன் அடித்தது.

“அண்ணே! இறங்கியாச்சு! நான்தாண்ணே இறக்குனேன்! அப்பா பாத்தாரா?”

“பாத்தாரு. கை ஆட்டுனாரு.”

“ஐயோ! நெசமாவா? இதோ வாடகைக்குக் காடி எடுத்துட்டு வந்துர்றேன்.”

“நீ ஓட்ட வேணாம். அங்கயே இரு, நான் வந்து ஏத்திக்கிறேன்.”

பின்னால் அம்மாவின் குரல் வெடித்துக் கிளம்பியது. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, செம்பனைக் காட்டுக்குள் போகும் மண்பாதையில் வேகமாக நடந்தான்.

“மேலேருந்து நம்ம வூடு தெரிஞ்சுதா?” என்று கேட்டான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். சிவப்புக் கூரை, கோயில், ரயில் பாதை. “ம்... ம்... சொல்லு” என்றபடி அவன் இன்னும் உள்ளே நடந்துகொண்டிருந்தான்.