நாலு மூலைக்கும் மஞ்சள்

மயிலாப்பூரில் கணேசமூர்த்தி அச்சகத்தில் அடித்த அழைப்பிதழ் என்றால், அதன் நாலு மூலையிலும் இருக்கிற மஞ்சள் தேவானை வைத்ததாகத்தான் இருக்கும். மடிப்பது, அடுக்குவது, குழைத்த மஞ்சளை மூலைக்கு ஒரு தொடு தொடுவது, இதுதான் பதினொரு வருஷமாக அவள் வேலை. யார் வீட்டு விசேஷம் என்று அவள் படிப்பதே இல்லை. ஊரார் வீட்டு விசேஷத்தைப் படித்துக்கொண்டிருந்தால் தன் வீட்டில் அடுப்பு எரியுமா? அந்தச் சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை மட்டும் கண் தானாக ஒரு வரியில் போய் நின்றது.

புதுமனை புகுவிழா. இடம், கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் பதினாலாம் நம்பர் வீடு. அது தேவானை குடியிருக்கிற வீடு. அவள் மாமனார் கட்டியது, அவள் புருஷன் வாழ்ந்து முடித்தது, அன்று காலையில்கூட அவள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தது. அழைப்பவர் தியாகராய நகர் ஜவுளிக்கடை அய்யாதுரை. நாள் சித்திரை பதினாறு, வியாழக்கிழமை. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தேவானை வீட்டை ஈடு வைத்து அய்யாதுரையிடம் எட்டாயிரம் ரூபாய் வாங்கினாள். அடமானம் என்றுதான் பேச்சு. பத்திரத்தில் மட்டும் கிரயம் என்று எழுதிக்கொண்டார். இந்தப் பங்குனிக்குள் பணத்தைக் கொடுத்தால் வீட்டைத் திருப்பித் தருவது, தவறினால் வீடு அவருக்கே என்று அதே பத்திரத்தின் அடியில் இரண்டு வரி. மாசம் தவறாமல் வட்டி கட்டினாள். சீட்டுப் போட்டு, வளையலை விற்று, பங்குனி பத்தாம் தேதியே அசலைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு கடைக்குப் போனாள். முதலாளி திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த வாரம் சூரத்துக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தார். பங்குனி முடிந்த மறுநாள் மனுஷர் கல்லாவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். கெடு போச்சும்மா என்றார். அவள் நீட்டிய பணத்தைத் தொடக்கூட இல்லை.

ஓர் அழைப்பிதழையும் வீட்டிலிருந்த பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு தேவானை லஸ் முனைக்குப் போய், மாடியில் இருந்த வக்கீல் உமர் ஃபாரூக்கிடம் நீட்டினாள். அவர் பத்திரத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் படித்தார்.

“கெடு போனா வீடு போயிடாதும்மா. கடனுக்கு ஈடா எழுதினதுன்னு காட்டிட்டா, பணத்தைக் கட்டி மீட்கிற பாத்தியதை உங்களுக்கு இருந்துக்கிட்டேதான் இருக்கும். அதை முடிச்சு வைக்கிற அதிகாரம் கோர்ட்டுக்குத்தான். ஜவுளிக்கடைக்கு இல்லை.”

அய்யாதுரை வாங்க மறுத்தால் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிடலாம் என்றும் சொன்னார். ஆனால் அய்யாதுரை சும்மா இருக்க மாட்டார். அன்றைக்கே விலைக்கு வாங்கிவிட்டேன், இவள் குடியிருந்தவள், மாசாமாசம் தந்தது வாடகை என்று சத்தியம் செய்வார். நாளும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். மே பிறந்தால் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. அதற்குள் ஒரு தடவை உள்ளே பால் காய்ச்சிவிட்டால் லேசில் கிளப்ப முடியாது.

“ஏழு வருஷம் முன்னாலயே வாங்கினவரு, இப்ப இன்னாத்துக்கு சார் புதுமனை புகறாரு?” என்று கேட்டாள் தேவானை.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அழைப்பிதழில் ‘இவ்வருடம் சித்திரை முதல் எங்களுக்குச் சொந்தமான’ என்று ஒரு வரி இருந்தது. அதை விரலால் தொட்டுக்காட்டி, ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கவில்லை என்று இதுவே சொல்கிறது, ஆனால் இது அச்சகத்தார் போட்டது என்று அய்யாதுரை தப்பித்துக்கொள்வாரே, அவர் கைப்பட ஏதாவது இருந்தால் தேவலை என்றார். தேவானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடிக்கைக்காரர் திருத்தம் பார்க்கிற ப்ரூஃபில் கையெழுத்துப் போடாமல் அச்சக முதலாளி கணேசமூர்த்தி எந்தக் காலத்தில் மிஷினை ஓட்டியிருக்கிறார்?

ப்ரூஃப் அச்சக அலமாரியில் பத்திரமாக இருந்தது. பழைய வீட்டுக்கு எதற்கு விழா என்று சொந்தக்காரர்கள் கேட்டுவிடக் கூடாதே என்று, அந்த வரியை அய்யாதுரையே பச்சை மையில் சேர்த்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். பெருமை பிடித்த மனுஷர். கணேசமூர்த்திதான் முகம் சுளித்தார். வருஷம் முழுக்க வேலை தருகிற ஜவுளிக்கடை ஆயிற்றே. கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, ஆர்டர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போ என்றார். அந்த முன்னூறு அழைப்புக்கும் நான் மஞ்சள் வைக்க மாட்டேன் என்றும் அவள் சொல்லிவிட்டாள். கட்டு வெறுமனேதான் கடைக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் பணம் கட்டினாள். திங்கட்கிழமை நீதிபதி பச்சை மை வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, வழக்கு முடிகிறவரை அவள் குடியிருப்பில் யாரும் தலையிடக் கூடாது என்று தடை உத்தரவு போட்டார். உத்தரவோடு கோர்ட் அமீனா கடைக்குப் போனால், முதலாளி திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றார்களாம். அமீனா கடைக் கதவில் ஒட்டிவிட்டு வந்துவிட்டார்.

அப்படியும் வியாழக்கிழமை விடிந்ததும் அய்யாதுரை வந்து நின்றார். பசுவும் கன்றும், ஐயர், தாம்பாளத் தட்டுகள், இரண்டு கார் நிறைய சொந்தக்காரர்கள். சந்தே வேடிக்கை பார்த்தது. தேவானை கேட்டின் உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“முகூர்த்தம் போகுது தாயி,” என்றார் அய்யாதுரை, குரலைத் தழைத்து. “நாலு பேருக்கு முன்னால மானத்தை வாங்காத. நான் உள்ள வரல. பசு மட்டும் ஒரு அடி எடுத்து வச்சிட்டுப் போகட்டும்னு சொல்லுதேன்.”

அந்த ஒரு அடிக்காகத்தான் இவ்வளவும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் சமையல்கட்டுக்குப் போய் அரைச் சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, கேட்டுக்கு மேலாகவே பசுவுக்கு நீட்டினாள். பசு மரியாதையாகத் தின்றது.

“இந்தப் பசு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல,” என்றாள். “உன் பணம் கோர்ட்ல கீது, வட்டியோட. நான் உன் கடை வாசல்ல நாயா அலைஞ்சேன், நீ ஊர்லயே இல்ல. இப்ப நீ போய் கோர்ட் வாசல்ல நில்லு. உள்ள வரணும்னா ஜட்ஜ் கையெழுத்தோட வா.”

பின்னாலிருந்த ஒரு பெரியவர், அப்போ இது உன் வீடு இல்லையா அய்யாதுரை என்று கேட்டார். அய்யாதுரை கார் கதவைத் திறந்தார். ஐயர் தட்சிணையைப் பற்றி ஏதோ கேட்டபடி பின்னாலேயே ஓடினார்.

வழக்கு இரண்டு வருஷமாவது இழுக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இழுக்கட்டும். சந்து காலியானதும் தேவானை உள்ளே போய், கோர்ட்டில் பணம் கட்டிய ரசீதை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் விரித்தாள். மஞ்சளைக் குழைத்து, நாலு மூலைக்கும் தொட்டு வைத்தாள். இந்த ஒரு காகிதத்தை மட்டும் ஓர் எழுத்து விடாமல் படித்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.