ராசித் துண்டு

...ஆறிவிட்டது, முழுசாக ஆறிவிட்டது, டாக்டர் சொன்னதை எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் அலுக்கவில்லை, கால் தரையில் பாவாமல் மருத்துவமனைப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள், தொடையில் கட்டில்லை, முப்பத்தெட்டு நாள் கட்டு... மல்யுத்தக் குழுவில் அவளுக்கு உடும்பு என்று பெயர், பிடித்தால் விடமாட்டாள், இந்த முறை என்னவோ உடும்புப்பிடி போட்டது ஒரு கொப்புளம், முதல் மாத்திரைக்கு அசையவில்லை, இரண்டாவதற்கும் ம்ஹூம், சீழை எடுத்துச் சோதித்த பிறகுதான் தெரிந்தது, வழக்கமான மருந்துக்கெல்லாம் தண்ணி காட்டுகிற கிருமியாம். எங்கிருந்து தொற்றியிருக்கும்? வேறெங்கிருந்து, எல்லாம் அந்த ராசித் துண்டுதான், ஜெயித்து வந்தவள் தன் வியர்வையைத் துடைத்த துண்டால் அடுத்து இறங்குகிறவள் முகத்தைத் துடைத்துவிட வேண்டும், துவைத்தால் ராசி போய்விடும் என்று கிளப்பிவிட்டது யார்? சாட்சாத் இவளேதான். ஏழு வெற்றி, நாலு பேருக்குக் கொப்புளம். பயிற்சியாளர் துண்டைக் குச்சியால் தூக்கிப் பையில் கட்டி எறிந்தார், ராசியாம் ராசி, இனிமே ஆளுக்கொரு துண்டு, இல்லன்னா வீட்டுக்குக் கிளம்புங்க...

வீட்டுக்கும்தான் எங்கே போக முடிந்தது, கொப்புளம் கிளம்பிய மறுநாள் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது, தோழியின் அறையில் தங்கிக்கொண்டு, வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கொஞ்சிவிட்டுப் போன சித்தி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அத்தனை நாளும் அவளைத் தொட்டது நர்ஸின் கையுறை மட்டும். இன்றைக்கு வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள், குழந்தையைத் தூக்கலாமா டாக்டர்? தாராளமா தூக்கும்மா, கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவு, உன் துண்டு உனக்கு மட்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கழுவினாள், விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரை, எவ்வளவு நேரம்டி, கை தேஞ்சிடப் போகுது என்று அக்கா கத்தினாள், பிறகு அந்தச் சின்ன உடம்பு கைக்கு வந்தது, இவ்வளவு சூடா, இவ்வளவு லேசா, உடும்புக்குப் பிடியே மறந்துபோயிற்று, கண் பொங்கியது, சந்தோஷம் தாங்கவில்லை. அழுமூஞ்சி என்று சிரித்துக்கொண்டே அக்கா தோளில் கிடந்த துண்டால் குழந்தையின் எச்சிலைத் துடைத்தாள், அதே முனையால் இவள் கண்ணைத் துடைத்தாள், தன் மூக்கையும் துடைத்துக்கொண்டாள்... எவ்வளவு இதமாக இருந்தது அந்தக் கை, முகத்தில், முப்பத்தெட்டு நாளுக்கப்புறம், அப்புறம்தான் உறைத்தது, மூன்று முகத்துக்கும் ஒரே துண்டு, குழுவில் அன்றைக்கும் இப்படித்தானே இதமாக இருந்தது, ராசிக்காகத்தான் துடைத்துக்கொண்டோமா நாங்கள்? துண்டை மாற்று என்று அக்காவிடம் சொல்ல வேண்டும், சொல்லத்தான் வேண்டும், குழந்தை கொட்டாவி விட்டது, இதோ, இன்னும் ஒரே நிமிஷம்...