தேடல் பெட்டியில் பூனைகள் இல்லை

எங்கள் ஊர் விலங்குக் காப்பகத்தின் இணையதளத்தில் மூன்று வாரத்துக்கு முன் தேடல் பக்கத்தை எழுதியவன் நான்தான். அதைப் பற்றி எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும். என் நிரல் தரவுத்தளத்துக்குள் போய், அந்தச் சொல் எந்தப் பதிவின் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் பிடித்துக்கொண்டு வரும். பிராணியைத் தொலைத்தவர்கள் தாங்களே தேடிக்கொள்ளலாம். ஐந்து நாளுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம்.

அந்த வியாழக்கிழமை பனி கொட்டியதில் ஏரிக்கரைச் சாலையை மூடிவிட்டார்கள். வடக்கே அறுபது மைலிலிருந்து ஆர்லிஸ் என்ற அம்மாள் நேரில் வர வழியில்லாமல் போன் செய்தார். இங்கே மருத்துவரிடம் கூட்டிவந்தபோது அவருடைய பூனை ஸ்வென் காரிலிருந்து குதித்து ஓடிவிட்டதாம்.

“ஆறு நாளா ஒங்க இணையப் பக்கத்துல தேடறேன் தம்பி. சாம்பல் நிறம், இடது காது பாதிதான் இருக்கும். ஒண்ணுமே இல்லேன்னு வருது. ஒரு நடை போய் கூண்டைப் பாத்துட்டு வாயேன்.”

“பதிவுல இல்லேன்னா கட்டடத்துலயே இல்லேன்னு அர்த்தம்மா.”

“எந்திரிச்சுப் போனா தேஞ்சா போயிடுவே? வீட்ல நானும் அவனும்தான் இருக்கோம். அவன் போனதுலேர்ந்து ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல.”

அவர் வாயை அடைக்கத்தான் நானே தேடிப் பார்த்தேன். ‘சாம்பல்’ என்று தட்டினேன். ஒன்பது பதிவுகள் வந்தன, ஒன்பதும் நாய். ‘கறுப்பு’ என்று தட்டினேன். பதினான்கு நாய். ‘பூனை’ என்றே தட்டினேன். ஒன்றுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பூனைகள் கத்துவது என் காதில் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது.

நிரலைத் திறந்தேன். சொல்லைத் தேடும் வரிக்குக் கீழே, ‘இனம் நாயாக இருக்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனை உட்கார்ந்திருந்தது. சோதித்துப் பார்க்கும்போது என் நாய் மூஸின் பெயரில் ஒரு பதிவு போட்டுத்தான் சோதித்தேன். மற்றதெல்லாம் வந்து கண்ணை உறுத்தாமலிருக்க அதைப் போட்டவனும் நான், எடுக்க மறந்தவனும் நான்.

அந்த ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி தேடினேன். நாற்பத்தொரு பூனைகள் வந்தன. மூன்றாவது பதிவில் சாம்பல் நிறம், இடது காது பாதி. ஐந்து நாள் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. பக்கத்திலேயே ‘இன்று புது வீட்டுக்குப் போகிறது’ என்று எழுதியிருந்தது.

“அம்மா, போனை வெச்சிடாதீங்க!” என்று கத்திவிட்டு ஓடினேன்.

முன்மேசையைப் பார்த்துக்கொள்ளும் லவோன், பூனையை எடுத்துப்போகக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒருவரிடம் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டைக்காரர். காலடியில் கூடை, கூடைக்குள் பாதிக் காது.

“நிறுத்துங்க லவோன்! அதுக்கு ஆளு இருக்காங்க. என் தேடல் பக்கம் மூணு வாரமா நாயை மட்டும்தான் காட்டியிருக்கு. தப்பு என்னோடது.”

“மூணு வாரமாவா?” லவோனுக்கு முகம் சிவந்துவிட்டது. “பூனை வளக்கறவங்களுக்கு ஈவிரக்கமே இல்ல, தொலைஞ்சதைத் தேடிக்கூட வரதில்லேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா பாவி!”

“எங்க வீட்டம்மாகிட்ட பூனையோட வரேன்னு சொல்லிட்டேனே,” என்றார் சட்டைக்காரர். ஆனாலும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “சரி, வேற ஒண்ணு காட்டுங்க.”

“இருங்க. மிச்ச நாப்பதுக்கும் ஆளு தேடறாங்களான்னு இந்த மேதாவி மொதல்ல பாக்கட்டும்,” என்றார் லவோன்.

கூடையைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். போன் மேசையில் அப்படியே கிடந்தது.

“பதிவுல இருக்கானா தம்பி?” என்று கேட்டார் ஆர்லிஸ்.

“பதிவை விடுங்கம்மா. கண்ணாலயே பாத்துட்டேன். சாம்பல் நிறம், காது பாதிதான். ஆனா ஒங்க ஸ்வென்தானான்னு எப்படி உறுதி...” என்றபடி கூடைக்குள் கையை விட்டேன். “ஐயோ!”

“என்னாச்சு?”

“கடிச்சுட்டாம்மா.”

அந்தப் பக்கம் சிரிப்பும் அழுகையுமாகக் கேட்டது.

“கட்டைவிரல்லயா?”

“ஆமா.”

“அவனேதான்! விட்டுடாதடா தம்பி, கெட்டியாப் பிடிச்சுக்க!”

பிடித்துக்கொண்டேன். அவன்தான் என்னை விடுவதாக இல்லை.