கழுவிய தட்டுகள்

மனைவி இறந்துபோய் மூன்று மாதம், அவன் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்த அவளுடைய அறிவியல் அறையைத் திறந்தான். சனிக்கிழமைதோறும் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அவள் பாடம் நடத்திய அறை. ஒருநாள் வந்து பாரேன் என்று அவளும் கேட்காத வாரமில்லை. அவனுக்கும் தலைவலி வராத சனிக்கிழமையில்லை.

இப்போது பிள்ளைகளே நடத்துகிறார்களாம். அலமாரியில் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள், மூடிபோட்டு டேப் ஒட்டியிருந்தன. உள்ளே கூழின்மேல் புள்ளி புள்ளியாக ஏதோ பூத்துக் கிடந்தது. அவள் இருந்தால் இப்படி விடுவாளா? வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, பளிச்சென்று கழுவிக் கவிழ்த்தான்.

சாயங்காலம் வாயாடி வந்தாள். பதினான்கு வயது. பெயர் தெரு வைத்தது.

"மாமா, என் தட்டெல்லாம் எங்க?"

"கழுவிட்டேம்மா. பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு."

வாயாடி காலி அலமாரியைத் தடவிப் பார்த்தாள்.

"அதுல வச்சிருந்தது எங்க தெருக் குழாய்த் தண்ணி மாமா. பன்னெண்டு வீடு. தம்பிக்கு மூணு தடவை வாந்திபேதி. தண்ணி சுத்தம், உங்க குடம்தான் அழுக்குன்னாரு குடிநீர் ஆபீஸ்காரர். நாளைக்கு ஆதாரத்தோட வரச் சொன்னாரு."

"திரும்ப வச்சா?"

"கிருமி வளர நாலு நாள் ஆகும்."

"போட்டோ எடுக்கலையா?"

"நாலாம் நாள்தான் புள்ளியை எண்ணணும், அவசரப்படாதேன்னு பாடம் எடுக்கறப்ப அக்கா சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் நாலாம் நாள்." கவிழ்த்திருந்த தட்டுகளைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு அடுக்களையும் ஆய்வுக்கூடமும் ஒண்ணுதான்னும் சொல்லுவாங்க. கிண்டல்னு நினைச்சேன்."

மறுநாள் கழுவிய தட்டுகளை எடுத்துக்கொண்டு அவனும் கூடப் போனான். "தப்பு என்னுடையது சார், நான்தான் கழுவினேன்" என்றான்.

அதிகாரி ஒரு தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கழுவினது எந்தத் தண்ணியில தம்பி?"

"குழாய்த் தண்ணிதான்."

"சுத்தமாத்தானே இருக்கு." பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அடுத்த விசாரணை இரண்டு மாதம் கழித்து.

திரும்பியதும் அவள் வீட்டிலிருந்து குடத்தை எடுத்து வந்தாள். தெருக் குழாயடியில் குடத்தை வைத்து நிரப்பினாள். தம்பிக்குக் குடிக்க வேறு தண்ணீர் ஏது?

"நான் தூக்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் மாமா. நீங்க எதையும் தொடாம இருந்தாலே போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அவன் குழாயை மூடினான். அது முழுசாக மூடவில்லை.