பெருச்சாளி வேட்டைக்கு ஒரு ஸ்கோப்

வெள்ளானூரில் பூங்காவனத்தின் நாட்டுக்கோழிகள் அந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் முப்பத்தொன்று. ஆடி முடிவதற்குள் அவை பத்தொன்பதாகிவிட்டன. மீதிப் பன்னிரண்டும் பெருச்சாளி வயிற்றுக்குள் போயின. மருந்து வைக்கலாம் என்றால் கோழி கொத்திவிடும், நாய் நக்கிவிடும். பொறி வைத்தால் கருவாட்டை மட்டும் நாசூக்காக எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு அந்த வீட்டுப் பெருச்சாளிகள் விவரமானவை. கடைசியில் அவள் புருஷன் வீரராகவன், பரண்மேல் கிடந்த ஏர்கன் என்கிற காற்றுத் துப்பாக்கியை இறக்கித் துடைத்து எண்ணெய் போட்டார்.

வேட்டை என்றதும் யாரும் புலியையும் மானையும் நினைக்க வேண்டாம். காட்டு மிருகத்தைச் சுட்டால் களி தின்ன வேண்டியதுதான், அது அவருக்கும் தெரியும். இது கோழிக்கூண்டைச் சுற்றி இருபதடி தூரத்தில் நடக்கிற வேட்டை. ஆனால் பெருச்சாளி வெளியே வருவது இருட்டின பிறகு. கறுப்பு எலிமேல், துப்பாக்கியில் பொருத்திக் குறிபார்க்கிற ஸ்கோப்பின் கறுப்புக் கோடு விழுந்தால் எது எலி, எது கோடு என்று யாருக்குத் தெரியும்? அதனால் உள்ளே சிவப்பாக விளக்கு எரிகிற ஸ்கோப் ஒன்று வேண்டும், அதுவும் ஆறாயிரத்துக்குள் வேண்டும்.

"குஞ்சு வெலையவிட துப்பாக்கி வெல ஜாஸ்தியாப் போச்சுன்னா, அப்பால நானே பெருச்சாளிக்கு சோறு வெச்சுடுவேன்" என்று பூங்காவனம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

வீரராகவன் ஸ்கோப் வாங்குவது அவர் ஒருவர் விஷயம் இல்லை. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் பார்வைக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பிடித்தாலே உள்ளே தலைமயிர் அளவுக் கீறல் இருந்தாலும் சொல்லிவிடுவார். பிரிவில் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் கோழி வளர்க்கிறவர்களும் குறிபார்த்துச் சுட்டுப் பழகுகிறவர்களும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவர் வாக்குக்கு மறுபேச்சு கிடையாது.

அந்தக் குழுவை நடத்துகிறவன் ஸ்ரீநாத், முகப்பேர் அடுக்குமாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். குழுவில் பதினெட்டுப் பேருக்கு விளக்கு எரிகிற ஸ்கோப் வேண்டியிருந்தது. மண்ணூர்பேட்டையில் ஜெயப்பிரியா என்ற பெண் வைத்திருக்கும் சின்னக் கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரியாக வாங்கிவிடுவது என்று அவன் ஏற்பாடு செய்திருந்தான். ஒரே நிபந்தனை, வீரராகவன் சார் முதலில் ஒன்றை வாங்கிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

"பாவம் சார் அந்தக்கா" என்று போனில் சொன்னான். "கேமரா கம்பெனியில லென்ஸ் பொருத்துற வேலை. கம்பெனியை மூடிட்டாங்க. இந்த ஆர்டர் போனாத்தான் கடை நிக்கும், இல்லைன்னா தை மாசத்தோட ஷட்டரை இறக்கிடுவேன்னு சொன்னாங்க."

"பொருளு நல்லா இருந்தா நிக்கும்" என்றார் வீரராகவன்.

தொழிற்பேட்டையை ஒட்டிய சந்தில் பத்தடிக்குப் பத்தடிக் கடை. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் போனார். ஜெயப்பிரியா மேஜைமேல் துணி விரித்து நான்கு ஸ்கோப்புகளை வைத்தாள். ஒன்றின் முன்கண்ணாடி சொம்பு வாய் அளவு இருந்தது.

"இத்த எடுத்து வெச்சுடும்மா. கன்னுக்குத் தலைபாரம்தான் மிச்சம்" என்றார். "ஸ்பிரிங் கன்னு முன்னயும் உதைக்கும், பின்னயும் உதைக்கும். பெரிய ரைஃபிளுக்குச் செஞ்ச ஸ்கோப்பே அதுல உள்ளாற கழண்டுடும், தெரியுமா?"

"தெரியும் சார். இது ஏர்கன்னுக்குன்னே செஞ்சது" என்று நடுவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். "இருபதடியில வெச்சாலும் தெளிவா இருக்கும். ஐயாயிரத்து நானூறு. ஒவ்வொண்ணும் நானே பாத்துதான் வெளிய வுடுவேன்."

"விளக்கு?"

"அத ஏன் சார் கேக்கறீங்க. வர்ற பாதிப் பேரு, விளக்கு எரிஞ்சா இருட்டுல எலி பளிச்சுன்னு தெரியும்னு நெனைச்சுக்கினு வராங்க. விளக்கு கோட்டுக்குத்தான், எலிக்கு இல்லன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. எலியப் பாக்க தனியா டார்ச் கட்டணும்." குமிழை முதல் எண்ணில் வைத்தாள். "எவ்ளோ பளிச்சுன்னு எரியுதுன்னு பாக்கக்கூடாது சார், எவ்ளோ மங்கலா எரியுதுன்னு பாக்கணும். ஜாஸ்தி எரிஞ்சா கோடு எலிய முழுங்கிடும்."

வீரராகவனுக்கு அவளைப் பிடித்துப்போனது. தொழில் தெரிந்தவர்கள் பேச்சே தனி. ஸ்கோப்பை வாங்கி வாசலுக்கு வந்து எதிர்வீட்டு மாடியில் காய்ந்த சேலையைப் பார்த்தார். கரை நூல்வரை தெரிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

கடையிலிருந்து போய்த் தொழிற்பேட்டையில் பழைய கூட்டாளி ஒருவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு சக்கரவாணம் போல விரிந்து கண்ணை அடைத்தது. இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். இந்த வெள்ளை லைட்டைக் கண்டுபிடித்தவனை வாயில் வந்தபடி திட்டினார். போன வருஷத்திலிருந்தே சாயங்காலத்தில் அவர் இப்படித்தான் திட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்.

அன்று ஏழரைக்கு மாட்டுக்கொட்டகைச் சுவர்மேல் மணல் மூட்டையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து உட்கார்ந்தார். கூண்டுக்கு மேலே, பெருச்சாளி மிரளாதபடி சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் தொங்கியது. பெருச்சாளி வந்தது. குமிழைத் திருகினார். சிவப்புக் கோடு எரிந்தது, ஆனால் அது கோடாகவா இருந்தது? நசுங்கிய செம்பருத்தி மாதிரி நாலு பக்கமும் வால் முளைத்துப் பாதி எலியை மறைத்தது. குத்துமதிப்பாகச் சுட்டார். பூங்காவனத்தின் பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை விழுந்தது.

"எலி வாளிக்குள்ள கீதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

மறுநாள் போய் மாற்றினார். இரண்டாவதும் அதே லட்சணம். மூன்றாவதைக் கொடுக்கும் முன்பு ஜெயப்பிரியா கடை விளக்கை அணைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, தானே உள்ளே பார்த்தாள். போனை ஸ்கோப்பில் வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினாள். ஊசி முனை அளவில் சுத்தமான சிவப்புச் சிலுவை.

"போன் எல்லாத்தையும் அழகாத்தாம்மா காட்டும். என் மூஞ்சியக்கூட காட்டும்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "வேற யாராச்சும் பாத்தாங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முப்பத்திரண்டு வருஷம் நான் பாத்ததுதாம்மா எல்லைக்குப் போச்சு" என்று சொல்லிவிட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மூன்றாவதிலும் செம்பருத்திதான் பூத்தது. அன்றிரவே குழுவில் எழுதினார்: 'மூன்று பார்த்தேன். மூன்றிலும் கோடு சிதறுகிறது. சரக்கு சரியில்லை. யாரும் வாங்க வேண்டாம்.' ஐந்து நிமிஷத்தில் பதினெட்டுப் பேரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஸ்ரீநாத் ஆர்டரை ரத்து செய்துவிட்டதாக எழுதினான். ஜெயப்பிரியாவிடமிருந்து தனியாக ஒரு வரி வந்தது: 'சரிங்க சார். மெனக்கெட்டுப் பாத்ததுக்கு நன்றி.' அந்த நன்றி அவரை உறுத்தியது. ஆனாலும் தப்பான பொருளை நல்லது என்று சொல்ல முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை இருட்டும் நேரம், ஓட்டை வாளியை எடுக்க வந்த பூங்காவனம் சுவரருகே நின்றாள்.

"அப்படி இன்னாதான் தெரியுது அதுல? நவுரு, நானும் பாக்கறேன்."

துப்பாக்கியைத் தொடாமல் குனிந்தாள். முதலில் தப்பான கண்ணை மூடினாள், பிறகு மாற்றினாள். "அய்ய, ஜோரா கீதே. சின்னதா செவப்பா கூட்டல் குறி மாரி கீது. தோ, வந்துட்டான்யா. மீசைய ஆட்றான். மீசை மேலயே கீது கோடு."

"வால் இல்ல?"

"எலிக்கா?"

"கோட்டுக்குடி!"

"கோட்டுக்கு ஏதுய்யா வாலு?"

அவர் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளைத் தள்ள வேண்டுமானால் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். அந்தச் சீட்டில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தால் செல்லாது. 'இரண்டாவது கண்' என்ற இடத்தில் இன்னொருவர் பார்த்துப் போட வேண்டும். எத்தனை சீட்டுகளை அந்த இடம் காலியாக இருக்கிறது என்று அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார்! மூன்று ஸ்கோப்பைத் தள்ளினபோது அந்த வழக்கம் எங்கே போனது? அந்தப் பெண் அதைத்தானே கேட்டாள்?

இன்னொரு சோதனையும் உண்டு. குறை கண்ணாடியில் இருக்கிறதா, பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கருவியைக் கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். கூடவே சுழன்றால் குறை கண்ணாடியுடையது. நின்ற இடத்திலேயே நின்றால்...

திருகுகளைத் தளர்த்தி ஸ்கோப்பைக் கழற்றினார். இருண்ட வைக்கோல் போரைப் பார்த்தபடி கண்ணில் வைத்துச் சுழற்றினார். சிலுவை சுழன்றது. வால்கள் அசையவில்லை. மேலே வலப்பக்கம் நீண்டிருந்த வால், சிலுவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்த பிறகும் மேலே வலப்பக்கமே இருந்தது. இன்னொரு தடவை சுழற்றினார். மூன்றாம் தடவையும் அப்படித்தான்.

பயமாக இருந்தது அவருக்கு. பஸ் விளக்கு, தெருவிளக்கைச் சுற்றின புகை, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. வேலையில் கடைசி வருஷம் இந்தக் கண் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். அங்கே இரண்டாவது கண் இருந்தது என்பதுதான் ஒரே ஆறுதல்.

இரண்டு நாள் அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஆவடியில் கண் டாக்டரிடம் காட்டினார். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, பகலில் தெரியாது, இருட்டில்தான் விளக்கைச் சிதறடிக்கும், எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் போனை எடுப்பார், பூதக்கண்ணாடி என்ற பெயர் நினைவுக்கு வரும், கீழே வைத்துவிடுவார். பகலில் பூங்காவனத்துக்குச் சுடப் பழக்கினார். அவள் வைக்கோலில் ஒட்டிய பழைய நாள்காட்டித் தாளைச் சல்லடையாக்கினாள்.

இரண்டாம் நாள் இருட்டினதும் கூண்டோரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். பெருச்சாளி சாய்ந்து கிடந்தது. பூங்காவனம் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நல்லாத்தான்யா கீது இது. அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டியா?"

அவர் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை மண்ணூர்பேட்டைக் கடையில் ஜெயப்பிரியா கடையைக் காலி செய்ய அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வீரராகவன் தாளை நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள்.

'சிவப்புச் சீட்டு. பொருள்: வலது கண். வயது: அறுபத்து மூன்று. குறை: புரை, விளக்கு சிதறித் தெரிகிறது. இந்தப் பொருளை வைத்துத் தவறாகத் தள்ளிய நல்ல ஸ்கோப்: மூன்று. சோதித்தவர்: வீரராகவன். இரண்டாவது கண்: வீ. பூங்காவனம்.'

அவள் தாளை மேஜைமேல் வைத்தாள். "எனக்கு அன்னிக்கே சந்தேகம் சார். சொல்ல பயமா இருந்துச்சு" என்றாள். "இதெல்லாம் வேணாம். புதுச் சரக்கு வந்துது, நல்லா இருக்குன்னு போட்டுடுங்க. எனக்கும் ஆர்டர் வந்துடும், உங்க பேரும் போவாது."

அந்த யோசனை அவருக்கும் இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு சுலபம்!

"புதுசு நல்லா கீதுன்னா, பழசு ஓட்டைன்னு ஆயிடும்மா. நீ பாத்து வுட்டது ஓட்டை இல்ல" என்றார். தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

அப்புறம் ஸ்ரீநாத் போன் செய்தான்.

"சார்... ஆர்டரைத் திரும்பப் போட்டுடலாம். ஆனா நாளைக்கு எவனாவது கேப்பான். சாருக்கே கண்ணு சரியில்லைன்னா, ஸ்கோப் நல்லா இருக்குன்னு யார் சொன்னதுன்னு."

முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வலித்தது. ஆனால் நியாயமான கேள்வி.

"நான் சொல்லலப்பா" என்றார் வீரராகவன். "சீட்டுல கீழ கையெழுத்தப் பாரு. நேத்து இருட்டுல ஒரே குண்டுல பெருச்சாளியச் சாய்ச்சது அந்தக் கண்ணுதான். எதுனா கேக்கணும்னா வெள்ளானூருக்கு வந்து அவளாண்ட கேளு."

ஜெயப்பிரியா பெட்டிகளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.